ஆளு ஓரத்துல, பியானோ மூடி நடுவுல: 28 வயசு ஆர்னால்ட் நியூமன் எடுத்த ஒரு போர்ட்ரெய்ட்ட பிரிச்சு பாக்கலாம்

போர்ட்ரெய்ட் எடுக்க ஆரம்பிச்ச பசங்க நிறைய பேரு அவங்க எடுத்தத அனுப்பி பாக்க சொல்வாங்க. முக்காவாசி படம் ஒரே மாதிரிதான் இருக்கும், 50 எம்எம் இல்லன்னா 85 எம்எம் லென்ஸ், லென்ஸ் வாய அகலமா தெறந்து எஃப் 1.8, பின்னாடி எல்லாம் கரைஞ்சு போயிருக்கும், கண்ணு ஷார்ப்பா இருக்கும், ஃபிரேம மூணு மூணா பிரிக்குற கிரிட் லைன் ஆன் பண்ணி கோடு வெட்டுற எடத்துல கரெக்டா கண்ண வெச்சிருப்பாங்க. டெக்னிக்கலா குறை சொல்ல ஒன்னுமே இருக்காது. ஆனா அந்த படத்துல இருக்கறவரு டாக்டரா, தச்சரா, பாடகரான்னு கேட்டா சொல்ல முடியாது, ஆள மாத்தி வேற ஒருத்தர அதே எடத்துல உக்கார வெச்சாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

கம்போசிஷன், அதாவது ஃபிரேமுக்குள்ள எத எங்க வெக்குறதுங்கறத, எப்படி இம்ப்ரூவ் பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு நான் ரூல் எதுவும் சொல்றதில்ல, ஒரே ஒரு படத்த எடுத்து வெச்சு உக்காந்து பிரிச்சு பாக்க சொல்லுவேன். இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கிய 1946ல நியூயார்க்ல அமெரிக்க போட்டோகிராபர் ஆர்னால்ட் நியூமன் எடுத்த போர்ட்ரெய்ட். இந்த படத்த நான் தேர்ந்தெடுக்க காரணம் அது ஃபேமஸ்ங்கறது மட்டும் இல்ல, எடுக்கும்போது நியூமனுக்கு வயசு 28, அந்த வருஷம்தான் நியூயார்க்குக்கே குடி வந்தாரு, அதாவது பெரிய பேரு வாங்கி முடிச்ச ஆள் எடுத்தது இல்ல, இப்ப நம்ம பசங்க இருக்குற நெலமைல இருந்த ஒருத்தர் எடுத்தது. அதுவும் போக, அவரு என்னென்ன முடிவு எடுத்தாருங்கறத படத்துல இருந்தே ஒன்னு ஒன்னா படிக்க முடியும்.

படம் தெரியாதவங்க முதல்ல தேடி ஒரு தடவ பாத்துட்டு வாங்க, பாக்காம படிச்சா பாதிதான் புரியும். கருப்பு வெள்ளை. ரொம்ப அகலமான படம், அகலம் உயரத்த போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஸ்ட்ராவின்ஸ்கி எங்க இருக்காருன்னா எடது பக்கம் கீழ் மூலைல, தலையும் தோளும் கையும் மட்டும், முழங்கைய பியானோ மேல ஊன்றி தலைய கையில சாய்ச்சுகிட்டு நம்மள பாக்குறாரு. மீதி எடம் பூரா கிராண்ட் பியானோவோட தெறந்து வெச்ச மூடி. மை கொட்டுன மாதிரி கருப்பா, வெறும் வடிவமா நிக்குது, அத தாங்குற குச்சி ஒன்னு சாய்வா, பின்னாடி வெறும் சுவர், அந்த சுவரும் வெளிர் ஒரு பக்கம் சாம்பல் ஒரு பக்கம்னு ரெண்டு டோனா பிரிஞ்சிருக்கு. அவ்வளவுதான் படம். மியூசிக் பேப்பர் கையில இல்ல, வாசிக்கிற மாதிரி போஸ் இல்ல, பூ ஜாடி இல்ல.

இங்கதான் நிறைய பேரு "ஓ நெகட்டிவ் ஸ்பேஸ்"னு, ஆள சுத்தி விட்ட காலி எடம்னு, சொல்லிட்டு போயிடுவாங்க. அது பாதி கூட இல்ல. அந்த மூடியோட வடிவத்த உத்து பாருங்க, மேற்கத்திய இசைல ஒரு ஸ்வரத்த அரை படி கீழ இறக்குறதுக்கு போடுற ஃபிளாட் குறி இருக்குல்ல, அந்த குறிய பெருசாக்கி சாய்ச்சு வெச்ச மாதிரியே இருக்கும், வளைஞ்ச வயிறு ஒரு பக்கம் நேர் கோடு ஒரு பக்கம். நியூமனே அந்த ஒத்துமைய சொல்லியிருக்காரு, அந்த வடிவத்தோட உறுதியும் நேர் கோடும் ஸ்ட்ராவின்ஸ்கி இசைக்கு பொருந்துதுன்னும். ஆக அந்த கருப்பு காலி எடம் இல்ல, அதுதான் சப்ஜெக்ட்ல பாதி. 1913ல பாரிஸ்ல முதல் தடவ அரங்கேறுன ராத்திரியே அரங்கத்துல கூச்சல் குழப்பம் வர அளவுக்கு கூர்மையான இசை எழுதுன ஆளு அவரு, எடுக்கும்போது வயசு 64. அவர நடுவுல உக்கார வெச்சு சிரிக்க சொல்லி எடுத்திருந்தா கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்தான் கெடைச்சிருப்பாரு.

இந்த கண்ணு நியூமனுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுக்குற விஷயம் ஒன்னு இருக்கு. அவரு போட்டோகிராபி படிச்சவரு இல்ல, மயாமி யுனிவர்சிட்டில ஆர்ட் படிச்சாரு, ரெண்டு வருஷத்துல காசு இல்லாம நிறுத்திட்டாரு, 1938ல பிலடெல்பியாவுல ஒரு செயின் ஸ்டுடியோல வேலைக்கு சேந்தாரு. அங்க ஒரு போர்ட்ரெய்ட் 49 சென்ட். ஒரு நாளைக்கு 60, 70 பேரு வரைக்கும் வந்து உக்காருவாங்க, எடுக்கணும், அனுப்பணும், அடுத்தவர். நம்ம ஊர்ல பாஸ்போர்ட் சைஸ் எடுத்து தள்ளுற ஸ்டுடியோல வேலை பாக்குற பசங்க இத கவனிக்கணும், அந்த வேலைல கம்போசிஷன் வராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஆள் எப்படி உக்காருறாங்க, கேமராவ பாத்ததும் உடம்பு எங்க இறுகுது, எப்ப தளருதுங்கறது கைக்கு பழகுறது அங்கதான். கம்போசிஷன அவரு வெளில கத்துகிட்டாரு, லீவு நேரத்துல தெருவுல போயி சுவரு, கதவு, ஜன்னல்னு எடுத்தது, எடுத்த பிரிண்ட கத்தரியால வெட்டி கிழிச்சு மறுபடி ஒட்டி பாத்தது, பொருள கோணம் கோணமா உடைச்சு வரையுற கியூபிசம் ஓவியங்கள பாத்தது. ஆள் இல்லாத சுவர ஒழுங்கா கம்போஸ் பண்ண தெரிஞ்சவருக்குதான் அதே சுவர் முன்னாடி ஆள எங்க நிறுத்தணும்னு தெரியும், நான் பசங்ககிட்ட ஓயாம சொல்றது இதுதான்.

1942ல ஓவியர் பியெட் மாண்ட்ரியன எடுத்த படத்துல இந்த பழக்கம் நல்லா தெரியும். மாண்ட்ரியன் வாழ்க்கை பூரா நேர் கோடும் செங்கோணமுமா வரைஞ்ச ஆளு, நியூமன் அவர ஈசல், அதாவது ஓவியம் வரைய வெக்குற தாங்கி, பக்கத்துல நிறுத்தி ஈசலோட செங்குத்து கோடும் சுவத்துல இருக்குற செவ்வகங்களும் சேந்து ஒரு மாண்ட்ரியன் ஓவியம் மாதிரியே ஃபிரேம் அமையுற மாதிரி எடுத்திருக்காரு. நாலு வருஷம் கழிச்சு ஸ்ட்ராவின்ஸ்கி படத்துல அதே யோசனைய இன்னும் துணிச்சலா பண்றாரு, இந்த தடவ ஆளயே ஓரத்துக்கு தள்ளிட்டாரு.

சரி இப்ப முடிவுகள ஒன்னு ஒன்னா பாப்போம்.

முதல்ல எடம். அந்த பியானோ ஸ்ட்ராவின்ஸ்கியோடது இல்ல, வீடும் அவரோடது இல்ல. அவரு அப்ப இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸ்ல, நியூயார்க்குக்கு வந்த எடத்துல எடுக்க வேண்டிய நெலம. ஹோட்டல் ரூம்ல சோபால உக்கார வெச்சு எடுத்து முடிச்சிருக்கலாம். நியூமன் அப்படி பண்ணாம பத்திரிகை எடிட்டர் ஒருத்தரோட வீட்ல கிராண்ட் பியானோ வெறும் சுவத்த ஒட்டி இருக்குற எடத்த ஏற்பாடு பண்ணாரு. அதாவது ஆள் வர்றதுக்கு முன்னாடியே படத்துல பாதி முடிஞ்சிருச்சு. இதுல நாம கத்துக்க வேண்டியது என்னன்னா ஆளோட சொந்த எடத்துலதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆளுக்கு பொருந்துற வடிவம் இருக்குற எடம் வேணும். சொந்த வீடாவே இருந்தாலும் பின்னாடி கேலண்டர், ஸ்விட்ச் போர்டு, பிளாஸ்டிக் சேர்னு இருந்தா அது எடம் இல்ல, கூட்டம்.

அடுத்து கேமரா நின்ன எடம். இத யாரும் பெருசா பேச மாட்டாங்க, எனக்கு படத்துலயே ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான். அந்த மூடி வெறும் கருப்பு வடிவமா தெரியணும்னா கேமரா உயரமும் கோணமும் ரொம்ப சரியா இருக்கணும், ஒரு அடி மேல ஏத்தி எடுத்தா பியானோக்குள்ள இருக்குற கம்பி, சட்டம் எல்லாம் தெரிய ஆரம்பிச்சுடும், வடிவம் போயி பொருளா மாறிடும், பக்கவாட்டுல நகர்ந்தா வளைவு சுருங்கிடும். பசங்க போர்ட்ரெய்ட் எடுக்கும்போது ஜூம் வளையத்த திருப்புறாங்களே தவிர முட்டி மடக்கி ஒக்காந்து பாக்குறது இல்ல, ஏறி நின்னு பாக்குறது இல்ல. கேமரா அரை அடி எறங்குனா தலைக்கு பின்னாடி இருக்குற ஜன்னல் விளிம்பு கழுத்துக்கு வந்துடும், அது ஒன்னே படத்த கெடுக்கவும் செய்யும் காப்பாத்தவும் செய்யும்.

மூணாவது எடை. பிரிண்ட்டையோ ஸ்க்ரீனையோ வெச்சு இத செஞ்சு பாருங்க, கட்டை விரலால ஸ்ட்ராவின்ஸ்கி தலைய மறைங்க. படம் அழகான ஒரு வடிவமா இருக்கும் ஆனா ஏதோ விழப்போற மாதிரி, வலது பக்கம் எல்லாம் சரியுது. விரல எடுங்க, நின்னுடும். இப்ப மூடிய கையால மறைங்க, ஓரத்துல ஒருத்தர் சம்பந்தமே இல்லாம உக்காந்திருப்பாரு. ரெண்டுல எத எடுத்தாலும் இன்னொன்னு நிக்காது. அவ்வளவு பெரிய கருப்புக்கு எதிரா அவ்வளவு சின்ன தலை எப்படி ஈடு குடுக்குதுன்னா, மனுஷ முகம், அதுவும் நம்மள பாக்குற கண்ணு, எவ்வளவு சின்னதா இருந்தாலும் நம்ம பார்வைய இழுக்கும், அத நம்பித்தான் நியூமன் மீதி எடத்த தூக்கி மூடிகிட்ட குடுத்துட்டாரு. இன்னொன்னும் இருக்கு, மடக்குன கையும் தலையும் சேந்து ஒரு முக்கோணம், மூடியும் குச்சியும் சேந்து ஒரு முக்கோணம். சின்னது பெருசுக்கு பதில் சொல்லுது. இத அவரு முழுசா பிளான் பண்ணாரா இல்ல எடுத்துகிட்டு இருக்கும்போது கண்ணுல பட்டு புடிச்சுகிட்டாராங்கறது முக்கியம் இல்லன்னு நெனைக்கிறேன், கண்ணுல படுற அளவுக்கு கண்ணு தயாரா இருந்துச்சு.

அந்த கண்ணுக்கு அவரோட கேமராவும் ஒரு காரணம். 4க்கு 5 இன்ச் ஃபிலிம் போடுற வியூ கேமரா, கருப்பு துணிக்குள்ள தலைய விட்டு பின்னாடி கண்ணாடில பாத்தா பிம்பம் தலைகீழா தெரியும். தலைகீழா இருக்குற முகத்துல அழகு தெரியாது, எது கருப்பு, எது வெளுப்பு, எந்த கோடு எங்க முட்டுதுங்கறதுதான் தெரியும். நம்ம கேமராவுல அது இல்ல, ஆனா எடுத்த படத்த ஃபோன்ல தலைகீழா திருப்பி பாக்க யாருக்கும் தடை இல்ல, கருப்பு வெள்ளையாக்கி திருப்பி வெச்சு கண்ண பாதி மூடிகிட்டு பாருங்க, தலைய விட வெளிச்சமா ஒரு மூலை இருந்தா அப்பவே குத்தும். நேரா பாக்கும்போது முகத்துமேல இருக்குற பிரியத்துல அது தெரியாம போயிடுது.

இப்ப கிராப், அதாவது எடுத்த படத்தோட ஓரங்கள வெட்டுறது. இங்கதான் நம்ம பசங்களுக்கு பெரிய தயக்கம். "கேமராவுலயே கரெக்டா எடுக்கணும்ணா, கிராப் பண்றது சீட்டிங்"னு சொல்லுவாங்க. நியூமனோட கான்டாக்ட் பிரிண்ட, அதாவது நெகட்டிவ் சைஸ்லயே போட்ட பிரிண்ட, பாருங்க, கிராப் கோடு போட்டதோட கெடைக்கும். நெகட்டிவ்ல சுவரு, பியானோ எல்லாம் இன்னும் தாராளமா இருக்கு, அதுக்குள்ள அவரு கோடு போட்டு ஒரு துண்ட மட்டும் எடுத்திருக்காரு. கணக்கு போட்டு பாத்தா இன்னும் புரியும். 5க்கு 4ங்கற நெகட்டிவ்ல இருந்து ரெண்டுக்கு ஒன்னுங்கற வடிவம் வேணும்னா, அகலத்துல ஒரு மில்லிமீட்டர் கூட வெட்டாம வெச்சாலே உயரம் 4 இன்ச்ல இருந்து 2.5 இன்ச்சா எறங்கணும், 20 சதுர இன்ச்ல 12.5தான் மிஞ்சும், மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. அகலத்தையும் வெட்டுனா இன்னும் கொறையும். அவ்வளவு தூக்கி போட்டதுக்கு அப்புறம்தான் அந்த மூடி ஒரு பொருள் மாதிரி இல்லாம குறி மாதிரி தெரியுது.

கிராப் கூடாதுன்னு சொன்னதுல பெரிய பேரு பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். ஆனா 1932ல பாரிஸ்ல சேன் லசார் ஸ்டேஷன் பின்னாடி தேங்கி கிடந்த தண்ணிய ஒருத்தர் தாண்டுற அவரோட படம் இருக்கே, அதுவே கிராப் பண்ணதுதான், வேலி பலகை சந்துல லென்ஸ விட்டு எடுத்ததால ஓரத்துல பலகை விழுந்திருச்சு. அவரோட கொள்கை தெருவுல கணத்த புடிக்கிறதுக்கு நல்ல ஒழுக்கம், நான் மதிக்கிறேன். போர்ட்ரெய்ட்ல நமக்கு அந்த அவசரம் இல்ல. நம்ம கையில இருக்குற 24 மெகாபிக்சல் கேமராவுல 6000க்கு 4000 பிக்சல் வருது, ரெண்டுக்கு ஒன்னா வெட்டுனா 6000க்கு 3000, அதுல இன்னும் உள்ள போயி 3600க்கு 1800 வரைக்கும் வெட்டுனாலும் 300 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளில, 12க்கு 6 இன்ச் பிரிண்ட் சுத்தமா வரும். அப்புறம் என்ன பயம். ஃபிரேம் நிறைய ஆள வெச்சு டைட்டா எடுத்துட்டு வந்தா வீட்ல வந்து யோசிக்க எடமே இல்ல. அதுக்காக கண்ணு போன போக்குல தூரமா நின்னு எடுத்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கறதும் ஆகாது, கேமராகிட்ட நிக்கும்போது ஒரு முடிவு இருக்கணும், வெட்டும்போது அந்த முடிவ இன்னும் கூர்மையாக்கணும்.

இந்த படம் அப்புறம் என்ன ஆச்சுங்கறது முக்கியம். எடுக்க சொன்னது ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை, ஆர்ட் டைரக்டர் அலெக்ஸி பிரோடோவிச். காலி எடத்தையும் துணிச்சலான கிராப்பையும் பத்திரிகை லேஅவுட்ல கொண்டு வந்த ஆளே அவருதான், பிலடெல்பியாவுல நியூமனோட நண்பர்கள் படிச்சதே அவருகிட்டதான், நண்பர்கள் மூலமா அந்த பாடம் நியூமனுக்கும் வந்து சேந்தது. அப்படிப்பட்டவரு இந்த படத்த வேணாம்னுட்டாரு. பத்திரிகைல வரல. இன்னிக்கு இருபதாம் நூற்றாண்டு போர்ட்ரெய்ட்னு பேசுனா நியூமன் பேரோட முதல்ல வர்ற படம் அதுதான். ஒரு கிளையண்ட் ரிஜெக்ட் பண்ணாலோ, போட்ட படத்துக்கு லைக் விழலன்னாலோ உடனே பின்னாடி கரைஞ்சு போற பழைய பொக்கே ஸ்டைலுக்கு ஓடுற தம்பி தங்கச்சிங்க இத தெரிஞ்சுக்கணும்.

இத பாத்துட்டு உடனே காப்பி அடிக்கிறதும் நடக்குது, அதுல என்ன பிரச்சினைன்னா பொருள கையில குடுத்துடுறாங்க. மிருதங்க கலைஞர்னா மிருதங்கத்த கட்டி புடிச்சுகிட்டு, சமையல்காரர்னா கரண்டி, டெய்லர்னா கழுத்துல டேப். அது அடையாள அட்டை, கம்போசிஷன் இல்ல. ஸ்ட்ராவின்ஸ்கி படத்துல பியானோ அவரு என்ன வேலை பாக்குறாருன்னு சொல்றதுக்காக மட்டும் இல்ல, ஃபிரேம பிரிக்குறதே அதுதான், அத எடுத்துட்டா படமே கெடையாது. காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர எடுக்க போறீங்கன்னு வெச்சுக்கோங்க, கையில ஊடு நூல் ஓட்டுற நாடாவ குடுத்து சிரிக்க சொல்ல வேணாம். குழித்தறில அவரு இடுப்பு வரைக்கும் தரைக்கு கீழ உக்காந்திருப்பாரு, பாவு நூல் முன்னாடி நீளமா ஓடும், தறி சட்டம் மேல செங்குத்தா நிக்கும், அந்த நூலோட கோடு எங்க போயி முடியுதோ அங்க அவரு முகம் வர்ற மாதிரி நீங்க எங்க நிக்கணும், எவ்வளவு கீழ எறங்கணும்னு தேடுங்க. தறியோட வடிவமே ஃபிரேம பிரிச்சு குடுத்துடும்.

ஓரத்துல வெக்குறதுதான் நியூமன் ஸ்டைல்னு யாரும் முடிவு பண்ணிட கூடாதுன்னு இன்னொரு படத்தையும் சேத்து காட்டுவேன். 1963, ஜெர்மனில எஸ்ஸென், தொழிலதிபர் ஆல்ஃபிரெட் குருப். ஹிட்லர் காலத்துல அடிமை தொழிலாளிங்கள வெச்சு ஃபேக்டரி நடத்துனதுக்கு 1948ல நியூரம்பெர்க்ல தண்டனை வாங்குன ஆளு, 1951ல வெளிய வந்துட்டாரு. நியூமன் யூதர். இந்த படத்துல ஆளு நட்ட நடுவுல. ரெண்டு பக்கமும் தூணு, பின்னாடி ஃபேக்டரில ரயில் எஞ்சின்கள், கைய கோத்து தாடைக்கு கீழ வெச்சுகிட்டு குனிஞ்சு பாக்குறாரு, ரெண்டு பக்கத்துல இருந்தும் வெளிச்சம், மூஞ்சில பச்சை ஏறியிருக்கு. ஆள கிரிட் கோட்டுல வெக்க சொல்ற ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பாத்தா ஃபெயில். ஆனா அவர ஓரத்துல வெச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு, நடுவுல வெச்சு ரெண்டு தூணுக்கு இடைல அடைச்சதாலதான் அந்த ஃபேக்டரி முழுசுக்கும் அவரு பொறுப்புன்னு படம் சொல்லுது. இசை எழுதுனவர ஓரத்துல வெச்சதுக்கும் இவர நடுவுல வெச்சதுக்கும் காரணம் ஒன்னுதான், இந்த ஆள பத்தி நான் என்ன நெனைக்கிறேங்கறத எடுக்குறவரு முதல்ல முடிவு பண்ணிட்டாரு, கிரிட் அப்புறம்தான்.

பழகுறதுக்கு நான் சொல்றது, அடுத்த போர்ட்ரெய்ட்ட ஆள் இல்லாம ஆரம்பிங்க. அரை மணி முன்னாடி போயி எடத்த மட்டும் எடுங்க, சுவரு, மெஷினு, படிக்கட்டு, எதோட வடிவம் அவருக்கு சொந்தமானதுன்னு பாத்து அத மட்டும் கம்போஸ் பண்ணுங்க, அந்த படத்துல எந்த எடம் ஆளுக்காக காத்துகிட்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அங்க அவர உக்கார வெய்ங்க. ஒன்னு டைட்டா, ஒன்னு சுத்தி தாராளமா எடம் விட்டு, ரெண்டும் எடுங்க. அப்புறம் தாராளமா எடுத்தத லேப்ல 6க்கு 4 சைஸ்ல சாதா பிரிண்ட் போட்டுக்கோங்க, ஷூ டப்பா அட்டைல ரெண்டு துண்டு ட வடிவத்துல வெட்டி, எதிரெதிரா பிரிண்ட் மேல வெச்சு மெதுவா நகர்த்தி பாருங்க. கம்ப்யூட்டர்ல லைட்ரூம் சாஃப்ட்வேர்ல கிராப் பண்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பாங்க, ஸ்க்ரீன்ல 4:5, 16:9னு ரெடியா இருக்குற அளவுக்குள்ளயே கை போயிடும், அட்டைல எந்த அளவும் கெடையாது, படம் எங்க நிக்க சொல்லுதோ அங்க நிறுத்தலாம். நிறுத்துன எடத்துல பேனாவால கோடு போட்டு தேதி எழுதி வெச்சுடுங்க. அடுத்த வாரம் அதே பிரிண்ட எடுத்து, போட்ட கோட்ட பாக்காம மறுபடி அட்டைய நகர்த்துங்க, ரெண்டு கோடும் எங்க மாறுதோ அங்க என்னன்னு உத்து பாருங்க. வெட்டாத ஒரிஜினல் ஃபைல மட்டும் அழிச்சுடாதீங்க.